இரவுச் சோற்றைப் பகலுக்குக் கொண்டுவாருங்கள்: தோட்ட நிர்வாகங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமையாளர்களுக்கும், தோட்டத் துரைமார்களுக்கும், எங்கள் மக்களின் பெயரால் பேச்சுவார்த்தை மேசையில் அமரும் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் வணக்கம்.

இலங்கையின் தேயிலை மலைநாட்டில், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் பதினாறு ஆண்டுகளாக விஞ்ஞானம் கற்பித்து வருகிறேன். தேயிலைக் கொழுந்து பறித்த தாயின் மகன். சம்பளம், வீடு, காணி ஆகியவற்றைப் பற்றி உங்களுக்கு எழுத என்னிலும் தகுதியானவர்கள் பலர் உள்ளனர். அவர்கள் எழுதிக்கொண்டும் இருக்கின்றனர். தொழிலாளி என்ன சாப்பிடுகிறார் என்பதைக்கூட இடையிடையே யாராவது கேட்கிறார்கள். எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று எவரும் கேட்டு நான் அறியேன். அந்த நேரத்தைத் தொழிலாளி தெரிவு செய்வதில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டும், பறித்த கொழுந்தை எடைபோடும் நிறுவையும் தெரிவு செய்கின்றன. ஆகையால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் என் தாயாரின் ஒரு நாளைச் சொல்ல வேண்டும். காலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, வீட்டில் உள்ள அனைவருக்கும் கோதுமை மா ரொட்டி சுட்டு வைத்துவிட்டு, நின்றபடியே பாதி ரொட்டியும் சாயத் தண்ணியும் விழுங்கி, ஏழு மணிப் பெரட்டுக்கு ஓடுவார். பத்து மணியளவில் மலையிலேயே ஒரு வாய் தேத்தண்ணி. பகல் இடைவேளை ஒரு மணி நேரம் என்று பெயர். ஆனால் மலையிலிருந்து மடுவம் என்ற கொட்டகைக்கு இறங்கி, வரிசையில் நின்று, கொழுந்தை நிறுத்து, கணக்குப்பிள்ளை எழுதி முடிக்கையில் அதில் பாதிக்கு மேல் கரைந்திருக்கும். எஞ்சிய நேரத்தில் வரிசை வீடான லயத்துக்குப் போய்ச் சோறு சாப்பிட்டுத் திரும்ப இயலாது என்பதால், காலையில் துணியில் சுற்றிய ரொட்டியும் சம்பலும் குளிர்ந்து விறைத்த நிலையில் தேயிலைச் செடிக்குப் பக்கத்திலேயே உள்ளே போகும். மாலை நிறுவை முடிந்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் தங்கையைத் தூக்கிக்கொண்டு, விறகும் சேர்த்துக்கொண்டு வீட்டுக்கு வர ஐந்தரை ஆறு மணியாகும். பிறகு மலைநீர் விழும் பீலியில் தண்ணீர், குளியல், சமையல். அன்றைய நாளின் முதல் முழுச் சாப்பாடு, ஒரு பெரிய கோப்பைச் சோறு, இரவு ஒன்பது மணிக்கு. ஒன்பதரைக்குப் படுக்கை. நடுச்சாமத்தில் நெஞ்செரிவு தாங்காமல் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அம்மாமார் எல்லோரும் பாதி இரவு உட்கார்ந்துதான் உறங்குவார்கள் என்று சிறுவயதில் நான் நினைத்திருந்தேன்.

நாற்பத்தேழு வயதில் அவருக்குச் சீனி வியாதி இருப்பதாகக் கண்டறிந்தார்கள். அந்த ஒன்பது மணிச் சோறுதான் அதைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லமாட்டேன். பரம்பரை உண்டு, மாப்பொருளே மிகுந்த உணவு உண்டு, வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் உடலின் நாளையும் தோட்டத்தின் நாளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பது எவருக்கும் விளங்கும்.

மனித உடலின் உள்வெப்பநிலை 37 பாகை செல்சியஸ் என்று நாங்கள் வகுப்பில் எழுதிப்போடுகிறோம். உண்மையில் அது நாள் முழுவதும் ஏறி இறங்குகிறது. அதிகாலை நான்கு ஐந்து மணியளவில் மிகத் தாழ்ந்த நிலைக்கு வந்து, விடிந்தபின் ஏறத் தொடங்கி, பின்னேரத்திலோ முன்மாலையிலோ உச்சத்தைத் தொட்டு, இரவு நெருங்க மறுபடி இறங்கும். உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு பாகை வேறுபாடுதான் இருக்கும். ஆனால் அந்தச் சிறிய இறக்கமே உறக்கத்தின் வாசல்: உள்வெப்பநிலை இறங்கிக்கொண்டிருக்கும் வேளையில்தான் நமக்கு நித்திரை எளிதாக வருகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை மூளையில் உள்ள ஒரு மையக் கடிகாரம் நடத்துகிறது. ஈரலிலும், கணையத்திலும், கொழுப்பிழையத்திலும் தனித்தனிக் கடிகாரங்கள் உள்ளன. இவற்றின் உள்ளிருக்கும் மரபணுப் பொறிமுறையைக் கண்டுபிடித்த மூவருக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. மையக் கடிகாரத்தைச் சரிசெய்வது ஒளி. மற்றக் கடிகாரங்கள் ஒளியோடு சேர்த்துச் சாப்பாட்டு நேரத்துக்கும் செவிசாய்க்கின்றன. இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகத்தில் பத்து இளைஞர்களுக்கு மூன்று வேளை உணவையும் ஐந்து மணி நேரம் பிற்போட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். மையக் கடிகாரத்தின் அடையாளமான மெலடோனின் ஓமோன் சுரக்கும் நேரம் அசையவில்லை. இரத்தச் சீனியின் நாளாந்த ஒழுங்கு மட்டும் ஐந்து மணி நேரத்துக்கும் அதிகமாகப் பின்தள்ளிப் போனது. அதாவது, ஒரே உடம்புக்குள் மூளை ஒரு நேரத்திலும் வயிறு வேறொரு நேரத்திலும் இருந்தன.

இங்கே எங்கள் மலைநாட்டில் வேரூன்றிய நம்பிக்கை ஒன்றைத் தொட்டே ஆக வேண்டும். "குளிர்ப் பிரதேசத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்தால்தான் உடம்பு சூடாக இருக்கும், நித்திரை வரும்" என்று என் தாயாரும் சொல்வார், இன்று என் மாணவர்களின் தாய்மாரும் சொல்கிறார்கள். தை, மாசி மாதங்களில் நுவரெலியாப் பக்கத்துப் புல்வெளிகளில் உறைபனி படியும். தகரக் கூரையும் ஈரச் சுவரும் கொண்ட லயத்து அறையில் படுப்பவர் இப்படி நினைப்பதில் நியாயம் இருக்கிறது. அதில் பாதி உண்மையும் இருக்கிறது. சாப்பிட்ட உணவைச் சமிக்கச் செய்வதற்கும் சேமித்து வைப்பதற்கும் உடல் சக்தி செலவிடுகிறது, அது வெப்பமாக வெளிப்படுகிறது. புரத உணவின் சக்தியில் 20 முதல் 30 சதவீதமும், மாப்பொருளில் 5 முதல் 10 சதவீதமும், கொழுப்பில் அதிகம் போனால் 3 சதவீதமும் இவ்வாறு வெப்பமாகும். ஆனால் அந்த வெப்பம் பிறப்பது உடலின் உள்ளே, சாப்பிட்டபின் பல மணி நேரத்துக்கு. உள்வெப்பநிலை இறங்க வேண்டிய அதே வேளையில். உறக்கத்துக்குத் தேவைப்படுவதோ இதற்கு எதிரானது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 1999ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், விரைவில் நித்திரை வருமா என்பதை முன்கூட்டிச் சொல்லும் மிகச் சிறந்த அடையாளம் கைகால்களின் சூடு என்று கண்டார்கள். உள்ளங்கையிலும் பாதத்திலும் இரத்தக் குழாய்கள் விரிந்து தோல் சூடாகும்போது, உள்ளேயிருக்கும் வெப்பம் அந்த வழியாக வெளியேறி உள்ளுடல் தணிகிறது. அதே நகரத்தில் பின்னர் நடந்த மற்றோர் ஆய்வில், மாப்பொருள் நிறைந்த சாப்பாட்டைக் காலையில் உண்டபோது இருந்ததைவிட மாலையில் உண்டபோது உள்வெப்பநிலையின் நாளாந்த ஒழுங்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிந்தியது. மாப்பொருள் நிறைந்த சாப்பாடு என்றால் எங்களுக்குச் சோறு.

ஆகவே குளிருக்கு மருந்து வயிற்றில் சோறாக அல்ல, காலில் சூடாகக் கிடைக்க வேண்டும்: காய்ந்த தரை, நல்ல கம்பளி, ஒரு சோடி காலுறை, படுக்குமுன் வெந்நீரில் கால் கழுவ ஒரு வாளித் தண்ணீர். நாள் முழுவதும் ஈரப் படங்கு கட்டி நின்று, பீலியின் பனித் தண்ணீரில் குளித்து, விறைத்த பாதங்களோடு படுக்கைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு உறக்கம் வராதிருப்பதில் வியப்பில்லை. ஒழுகாத கூரை உறக்கத்துக்கும் உரியது என்பதை, வீடமைப்பைப் பற்றிப் பேசுகிறபோது நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இனி இரத்தச் சீனியைப் பற்றி. இருட்டியபின் உடலில் மெலடோனின் சுரக்கத் தொடங்குகிறது. அது நித்திரைக்கு ஆயத்தம் செய்யும் ஓமோன். அதே சமயம் கணையம் இன்சுலின் சுரப்பதையும் குறைக்கிறது. இரவு முழுவதும் மனிதர் சாப்பிடாமல் கிடந்த காலத்தில் இது பொருத்தமான ஏற்பாடு. மெலடோனின் ஏறிய நேரத்தில் ஒரு கோப்பைச் சோறு போனால், அந்தச் சீனியை எதிர்கொள்ளக் கணையம் தயாராக இல்லை. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான இருபது பேர் ஒரே உணவை ஒரு நாள் மாலை ஆறு மணிக்கும் மற்றொரு நாள் இரவு பத்து மணிக்கும் சாப்பிட்டு, இரு நாளும் பதினொரு மணிக்குப் படுத்தார்கள். பிந்திச் சாப்பிட்ட இரவில் இரத்தச் சீனியின் உச்சம் ஏறத்தாழ 18 சதவீதம் உயர்ந்திருந்தது. உடல் எரித்த கொழுப்பு ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்திருந்தது. ஸ்பெயினில் 845 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வும், வழமையான படுக்கை நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு சீனிக் கரைசல் அருந்தியபோது, நான்கு மணி நேரம் முன்பு அருந்தியபோது இருந்ததைவிட இன்சுலின் குறைவாகவும் சீனி கூடுதலாகவும் இருந்ததைக் காட்டியது. மெலடோனினை உடல் உணர உதவும் ஏற்பி தொடர்பான ஒரு மரபணு வகையைக் கொண்டவர்களுக்கு அந்தத் தீங்கு இன்னும் கூடுதலாக இருந்தது.

நேர்மையாக மற்றொன்றையும் சொல்கிறேன். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வில் பிந்திய உணவு உறக்கத்தின் கட்டங்களை மாற்றவில்லை. அவர்கள் ஆரோக்கியமான இளவயதினர், ஆய்வகத்து நல்ல கட்டிலில் படுத்தவர்கள். எங்கள் வீடுகளில் உறக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அமிலம். மாலையில் இரைப்பை காலையில் போல விரைந்து காலியாவதில்லை. படுத்தபின் புவியீர்ப்பின் உதவியும் இல்லை. உறங்குபவர் உமிழ்நீரை விழுங்குவதும் குறைந்துவிடுகிறது. சாப்பிட்டு மூன்று மணி நேரத்துக்குள் படுப்பவர்களுக்கு நெஞ்செரிவு நோய் அதிகம் என்பது ஜப்பானில் நடந்த ஆய்வொன்றிலும் தெளிவாகத் தெரிந்தது. என் தாயார் சுவரில் சாய்ந்திருந்ததற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை. பசியோடு படுத்தாலும் உறக்கம் கெடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இரவில் யாரும் பட்டினி கிடக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

இராச்சாப்பாட்டைக் குறைத்தால் உடம்பு மெலியும் என்ற வாக்குறுதியும் என்னிடம் இல்லை. ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் 2022ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், அன்றைய கலோரியின் பெரும்பகுதியைக் காலையில் உண்டவர்களும் மாலையில் உண்டவர்களும் ஒரே அளவு எடை குறைந்தார்கள். வேறுபட்டது பசி: காலையில் நிறைய உண்டவர்களுக்கு நாள் முழுவதும் பசி குறைவாக இருந்தது. அதே ஆண்டு பொஸ்டன் நகரில், பருமன் கூடிய பதினாறு பேருக்கு ஒரே உணவை நான்கு மணி நேரம் பிந்திக் கொடுத்தபோது பசி கூடியது, நிறைவுணர்வைத் தரும் லெப்டின் குறைந்தது, விழித்திருக்கும் வேளையில் உடல் செலவிடும் சக்தி குறைந்தது, இருபத்து நான்கு மணி நேர உள்வெப்பநிலையும் சற்றுத் தாழ்ந்தது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறியவை. வேறு தேசத்தவரிடம், வேறு உணவைக் கொண்டு நடத்தப்பட்டவை. ஆனால் நாளின் பிற்பகுதிக்குத் தள்ளப்பட்ட உணவு உடலோடு ஒத்துப்போவதில்லை என்பதில் பெரும்பாலும் ஒரே பக்கமாகவே பேசுகின்றன.

பசி என்ற அந்தச் சொல்லைத்தான் நான் ஒவ்வொரு நாளும் வகுப்பில் காண்கிறேன். தாய் சமைத்து முடிக்கும்வரை காத்திருந்து, ஒன்பது மணிக்குச் சோறு உண்டு படுக்கும் பிள்ளைக்குக் காலையில் பசிப்பதில்லை. இயல்பிலேயே பசியுணர்வு காலையில் குறைவாகவும் மாலையில் மிகுதியாகவும் இருக்கும்; அதன்மேல் செரிக்காத இரவுச் சோறும் சேர்ந்தால், பிள்ளை வெறும் தேத்தண்ணியோடு பாடசாலைக்கு வருகிறது. இரண்டாம் பாடவேளையில் தலை மேசையில் சாய்கிறது. அந்தத் தலையைத் தட்டி எழுப்பியவர்களில் நானும் ஒருவன். அதற்காக இன்று வருந்துகிறேன்.

1996ஆம் ஆண்டு அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை முன்தள்ளியதும், பின்னர் 2006ஆம் ஆண்டு பழைய நேரத்துக்கே திரும்பியதும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்டுக்கேட்டே நாங்கள் வளர்ந்தோம். கடிகாரத்தை ஒரு வர்த்தமானியால் மாற்றலாம், சூரியனை மாற்ற முடியாது என்பது அன்று பெரியவர்கள் பேசிக்கொண்டது. இந்த நாட்டில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு இருட்டுகிறது. எங்கள் உடலின் பகல் அந்தப் பன்னிரண்டு மணி நேரம். இன்றைய ஏற்பாட்டில் அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் கொழுந்துக்குப் போகிறது. சாப்பாடு இருட்டுக்கு ஒதுக்கப்படுகிறது.

ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவர்களின் நிலை இதைவிடக் கடினம். வாடத் தொட்டியில் பல மணி நேரம் கிடந்து வாடிய கொழுந்து சாமத்துக்குப் பின்னோ விடியற்காலையிலோ உருளை இயந்திரத்துக்குப் போகிறது. அதற்கு ஆட்கள் விழித்திருந்தே ஆக வேண்டும், அதை மாற்றச் சொல்ல மாட்டேன். மாற்றக்கூடியது அவர்கள் உண்ணும் நேரம். 2021ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் பத்தொன்பது பேரை இரவு வேலைக்கு ஒப்பான ஒழுங்கில் வைத்துப் பார்த்தார்கள். இரவிலும் உண்டவர்களின் சராசரி இரத்தச் சீனி 6.4 சதவீதம் உயர்ந்தது. அதே இரவுகளில் விழித்திருந்தும் பகலில் மட்டும் உண்டவர்களுக்கு அப்படி உயரவில்லை. வேலைக்கு ஏறுமுன் மாலையில் முழுச் சாப்பாடும், இரவு இரண்டு மணிக்குச் சோற்றுப் பார்சலுக்குப் பதிலாக ஒரு சிறு சிற்றுண்டியும், காலையில் இறங்கியபின் சாப்பாடும் என்று ஒழுங்குபடுத்தினால் எந்த இயந்திரமும் நிற்கப்போவதில்லை.

தொழிற்சங்கத் தலைவர்களே, பழி முழுவதையும் நிர்வாகத்தின்மேல் போட்டு நான் ஒதுங்கவில்லை. பல தோட்டங்களில் ஆண்களின் வேலை பகல் இரண்டு மணியை ஒட்டி முடிந்துவிடுகிறது. பெண்கள் மாலை நிறுவைவரை மலையில் நிற்கிறார்கள். ஐந்து மணிக்கு ஒரு தகப்பன் அடுப்பில் உலை வைத்தால் ஆறரைக்கு வீட்டில் சோறு. கணவர் சமைக்கும் வீடுகள் எங்கள் லயங்களில் சில உண்டு. அந்தப் பிள்ளைகளை எனக்குத் தெரியும், அவர்கள் காலையில் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். உங்கள் தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் இதை வெளிப்படையாகப் பேசுங்கள். ஆசிரியன் சொன்னால் "வாத்தியாருக்கு வேறு வேலையில்லை" என்பார்கள். தலைவர் சொன்னால் கேட்பார்கள்.

நிர்வாகத்தினரிடம் நான் கேட்பது இவ்வளவே. பகல் நிறுவைக்குச் செலவாகும் நேரத்தை இடைவேளையிலிருந்து கழிக்காதீர்கள். கொழுந்தை நிறுத்து முடித்த பிறகு ஒரு முழு மணி நேரம் கணக்கிடுங்கள். மலையில் மழை ஒதுங்கி உட்கார ஒரு கொட்டகையும், கொண்டுவந்த சோற்றைச் சூடாக்க ஓர் அடுப்பும் இருந்தால், பெண்கள் இரவுச் சோற்றைப் பகலில் உண்பார்கள். அப்போது இரவுக்கு ஒரு ரொட்டி போதும். மாலை நிறுவையை நாலரைக்குள் முடியுங்கள். கொழுந்து வரத்துக் கூடிய காலத்தில் இது கடினம் என்பதை அறிவேன். அந்தக் கிழமைகளில்தான் உடம்பும் அதிகமாக உழைக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

எல்லாத் தோட்டங்களிலும் நாளையே மாற்றுங்கள் என்று கேட்டால் அது நடக்காது. ஒரு தோட்டத்தில், ஒரே ஒரு டிவிசனில், மூன்று மாதத்துக்குச் செய்து பாருங்கள். விரும்பி முன்வரும் தொழிலாளர்களின் இரத்தச் சீனியைத் தோட்ட மருந்துச்சாலையில் தொடக்கத்திலும் முடிவிலும் பரிசோதிக்கட்டும். இரவில் எத்தனை தடவை எழுந்தார்கள், நெஞ்செரிவு இருந்ததா என்று கிழமைக்கு ஒரு தடவை கேட்டு எழுதட்டும். நிறுவைப் பேரேடு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கொழுந்தின் எடை குறைந்ததா இல்லையா என்பதை அதுவே சொல்லிவிடும். குறிப்பெடுக்க ஆள் இல்லை என்றால், சனிக்கிழமைகளில் நானும் உயர்தர உயிரியல் வகுப்பு மாணவர்களும் சம்பளமின்றி வந்து எழுதித் தருகிறோம். அந்த மாணவர்களில் பெரும்பாலோரின் தாய்மார் அந்த மலையில்தான் நிற்பார்கள்.

இங்ஙனம்,
தோட்டப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
தலவாக்கலை.